கெக்கில் இன்னும் எவ்வளவு பீர் இருக்கிறது: தராசா, வெந்நீரா, மீட்டரா?

வீட்டில் பீர் காய்ச்சி பாட்டிலில் அடைக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது, அலமாரியைத் திறந்து பாட்டிலை எண்ணினால் கணக்கு முடிந்தது. பீரை மொத்தமாக அடைத்து கேஸ் அழுத்தத்தில் குழாய் வழியாக ஊற்றும் கெக்குக்கு மாறிய அன்றுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. நான்கு பக்கமும் எஃகு, உள்ளே எட்டிப் பார்க்க வழி கிடையாது. மூடியைத் திறந்து பார்க்கலாம்தான், ஆனால் தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். திறந்தால் அழுத்தம் முழுக்க வெளியேறும், பீருக்கு மேலே நிற்கிற கார்பன் டை ஆக்ஸைடு கலைந்து காற்று உள்ளே போகும், அந்தக் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் முதலில் பீருக்கு மணமும் கசப்பும் தரும் ஹாப்ஸ் பூவின் மணத்தைத்தான் தின்னும். நாலு வாரம் காத்திருந்து செய்த பீரை அளவு பார்க்கிற ஆசையில் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, வெளியிலிருந்தே கண்டுபிடிக்க என்னென்ன வழி, எதை யார் வைத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம். பெரும்பாலானவர்களிடம் இருக்கும் 5 கேலன் கார்னி கெக்கை, அதாவது சுமார் 19 லிட்டர் பிடிக்கும் அந்த உயரமான எஃகுக் குடுவையைத்தான் மனதில் வைத்து எழுதுகிறேன், இணைப்பு பால் லாக் வகையோ பின் லாக் வகையோ எதுவானாலும் முறைகள் ஒன்றுதான்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்ப்பது, கெக்குக்குப் போகும் கேஸின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் முள்ளை. முள் 12 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டுகிறது, போன வாரமும் அதையே காட்டியது, அப்போ பீர் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ரெகுலேட்டரின் வேலையே அந்த எண்ணை மாறாமல் வைத்திருப்பதுதான். பீர் குறையக் குறைய அந்த இடத்தைக் கேஸால் நிரப்பிக்கொண்டே இருக்கும், கெக் நிறைந்திருந்தாலும் ஒரு கிளாஸ் மட்டுமே மிச்சம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். அளவு பார்க்க அந்த முள்ளால் துளி உபயோகம் இல்லை.

மிச்ச வழிகள் எல்லாவற்றையும் நான் இரண்டு கூட்டமாகத்தான் பார்க்கிறேன். ஒரு கூட்டம், வெளியே போனதை எண்ணி இருப்பதை ஊகிக்கிறது: தாளில் கோடு போடுவது, ஃப்ளோ மீட்டர் வைப்பது. இன்னொரு கூட்டம், உள்ளே இருப்பதை நேராகப் பார்க்கிறது: எடை போடுவது, மட்டம் பார்ப்பது. முதல் கூட்டத்தில் ஆரம்பக் கணக்கு தப்பாக இருந்தால் கடைசிவரை தப்புதான், நடுவில் ஒரு கசிவு வந்தால் அது தெரியவும் தெரியாது. இரண்டாவது கூட்டத்துக்கு நேற்று என்ன நடந்தது என்ற கவலையே இல்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பீரைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தாள் கணக்குப்படி ஏழு லிட்டர் மிச்சம் இருக்க வேண்டிய நாளில் குழாயைத் திறந்தால் நுரையும் கேஸும் மட்டும் சீறிக்கொண்டு வந்தது. ஃப்ரிட்ஜை நகர்த்திப் பார்த்தால் அடியில் பிசுபிசுவென்று ஒரு குளம். பீர் வெளியேறும் பக்கத்து போஸ்டில், அதாவது டியூபை மாட்டும் முனையில், இருந்த ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்து, சத்தமே இல்லாமல் சொட்டியிருக்கிறது. சொட்டு சொட்டாகப் போனால் எவ்வளவு போய்விடும் என்று தோன்றும். ஒரு சொட்டு உத்தேசமாக 0.05 மில்லி. பத்து வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு 400 மில்லிக்கு மேல். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு நாலு லிட்டரைத் தாண்டும், ஐந்து நாளில் முழு கெக்கும் தரையில். கோடு போட்ட தாளுக்கு இது எதுவும் தெரியாது.

தாளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தனியாகக் குடிக்கிறவர், ஒரே அளவு கிளாஸில் ஊற்றுகிறவர் என்றால் குத்துமதிப்பாக ஒத்துவரும். வீட்டுக்கு நாலு பேர் வந்துபோனால் அன்றோடு கணக்கு உதைக்கும்.

ஃப்ளோ மீட்டர் அதே தாளின் மின்னணு வடிவம்தான், ஆனால் பார்க்க ரொம்ப அழகாக இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கெக்கிலிருந்து குழாய்க்குப் போகும் பீர் டியூபின் நடுவே ஒரு சின்னச் சக்கரம், பீர் ஓடும்போது அது சுற்றும், ஒவ்வொரு சுற்றையும் ஒரு உணரி துடிப்பாக எண்ணும், அந்த எண்ணிக்கையை ராஸ்பெர்ரி பை, ஆர்டுவினோ மாதிரி ஒரு சின்னக் கணினிப் பலகை வாங்கிக்கொண்டு லிட்டராக மாற்றும். கெக்பாட், ராஸ்பெர்ரி பைன்ட்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களால் இது பிரபலமானது, சுவரில் ஒரு திரை மாட்டி ஒவ்வொரு குழாயிலும் என்ன பீர், எவ்வளவு மிச்சம் என்று உணவகம் மாதிரி காட்டலாம். பானங்களுக்கென்றே செய்யப்பட்ட ஸ்விஸ்ஃப்ளோ எஸ்எஃப்800 மாதிரி மீட்டர்கள் லிட்டருக்குச் சுமார் 6,000 துடிப்பு தரும். மின்னணுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒய்எஃப்-எஸ்201 லிட்டருக்கு 450 துடிப்புதான், அது தண்ணீருக்காகச் செய்த பொருள், குடிக்கிற பீரை அதன் வழியாக அனுப்ப எனக்கு மனம் வராது.

மீட்டரின் உண்மையான எதிரி நுரை. சக்கரத்துக்குத் திரவமும் தெரியாது கேஸும் தெரியாது, எது ஓடினாலும் சுற்றும். டியூபில் நுரை வரும்போது சக்கரம் விர்ரென்று சுற்றி, ஊற்றாத பீரையெல்லாம் ஊற்றியதாகக் கணக்கு எழுதிவிடும். அதைவிட மோசம், அந்தச் சக்கரமே நுரைக்குக் காரணமாகும், ஏனென்றால் பீர் போகிற வழியில் ஒரு தடங்கல், ஒரு சொரசொரப்பு இருந்தால் கரைந்திருக்கும் கேஸ் அங்கேதான் குமிழியாகப் பிரியும். அப்புறம் சுத்தம் செய்கிற வேலை: ஒவ்வொரு முறை டியூபைக் கழுவும்போதும் மீட்டருக்குள்ளும் மருந்துத் தண்ணீர் ஓட வேண்டும், அந்த ஓட்டத்தை எண்ணாமல் இருக்க மென்பொருளில் நிறுத்தி வைக்க வேண்டும், மறந்தால் கணக்கில் ஐந்து லிட்டர் காணாமல் போயிருக்கும். நான்கைந்து குழாய் வைத்து, யார் எப்போது எதை ஊற்றினார்கள் என்று பார்ப்பதையே ஒரு சந்தோஷமாக நினைக்கிறவர்களுக்கு மீட்டர் சரி. இன்று எவ்வளவு மிச்சம் என்ற ஒரே கேள்விக்கு அது ரொம்பச் சுற்றுவழி.

இருப்பதைப் பார்க்கும் கூட்டத்தில் எல்லோரும் செய்வது கெக்கைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்ப்பது. நிறைந்த கெக் 23 கிலோவுக்கு மேல் இருக்கும், காலி கெக் நாலு கிலோ சொச்சம், அதனால் நிறைவா காலியா என்று கைக்கே தெரியும். நடுவில் இருக்கும் ஐந்து லிட்டருக்கும் ஒன்பது லிட்டருக்கும் வித்தியாசம் சொல்ல அசாத்தியப் பழக்கம் வேண்டும். ஆட்டிப் பார்ப்பது இன்னும் மோசம், அடியில் சமர்த்தாகப் படிந்திருந்த ஈஸ்ட் வண்டல் கிளம்பி அடுத்த நாலு கிளாஸும் கலங்கலாக வரும். விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தால் ‘ணங்’ ஓசை ‘தொப்’ ஓசையாக மாறும் இடம் ஓரளவு பிடிபடும், அமைதியான அறையாக இருந்தால்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது வெந்நீர் முறை. ஒரு டம்ளர் நல்ல சூடான தண்ணீர் போதும். கெக்கின் ஒரு பக்கத்தில், மேலிருந்து கீழே ஒரே கோடாக மெதுவாக ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து வினாடி பொறுத்து அந்தக் கோட்டின் மேல் விரலை மேலிருந்து கீழே இழுத்து வாருங்கள். ஓர் இடம்வரை எஃகு வெதுவெதுப்பாக இருக்கும், அதற்குக் கீழே சட்டென்று சில்லிடும். அதுதான் பீர் மட்டம். பீர் பெரும்பாலும் தண்ணீர், சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்ளும். மேலே இருக்கும் கேஸால் அது முடியாது, அதனால் அங்கே சூடு எஃகிலேயே தங்கிவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உலோகங்களில் வெப்பத்தை மந்தமாகக் கடத்துகிற ரகம், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மந்தம்தான் நமக்கு உதவி, மேல்சூடு கீழே பரவிக் கோட்டை அழிப்பதற்குள் நாம் மட்டத்தைப் பிடித்துவிடலாம்.

மட்டம் தெரிந்ததும் லிட்டராக மாற்றுவது எளிது. பால் லாக் கார்னி கெக்கின் உள்விட்டம் சுமார் 21 செ.மீ., ஆகவே ஒரு செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 350 மில்லி, கிட்டத்தட்ட ஒரு சின்ன பாட்டில். விரல் ஒரு செ.மீ. முன்னே பின்னே தப்பினாலும் ஒரு பாட்டில்தான் பிசகு. செலவே இல்லாத ஒரு முறைக்கு இது அபாரமான துல்லியம் என்றே சொல்வேன். ஆனால் அடிப்பகுதி வளைந்திருப்பதால் கடைசி ஒன்றிரண்டு லிட்டரில் இந்தக் கணக்கு ஓடாது, அடியில் ரப்பர் காலணி போட்ட பழைய கெக்கில் அந்தப் பகுதியைத் தொடவே முடியாது. வெற்றிடச் சுவர் வைத்த சின்ன கெக்குகளில் எங்கே தொட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், முயற்சி செய்ய வேண்டாம்.

ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீரை ஊற்ற யோசிப்பவர்கள் ஒரு துணியை வெந்நீரில் பிழிந்து அதே கோட்டில் அழுத்தித் தேய்க்கலாம், வேலை நடக்கும். காற்று ஈரமாக இருக்கும் நாளில் கெக்கை வெளியே எடுத்துச் சில நிமிடம் வைத்தால் பீர் இருக்கும் உயரம்வரை வியர்த்து நிற்கும், கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சமையல் எரிவாயு சிலிண்டருக்கு என்று விற்கிற நிறம் மாறும் பட்டையை வாங்கி கெக்கில் ஒட்டலாமா என்றால், ஒட்டலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு ஒட்டுங்கள். சிலிண்டரில் அடுப்பு எரியும்போது உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகிக் குளிர்கிறது, அதனால் பட்டைக்குத் தானாகவே ஒரு வெப்ப வித்தியாசம் கிடைக்கிறது. கெக்கில் அப்படி எதுவும் நடக்காது, ஃப்ரிட்ஜில் மேலும் கீழும் ஒரே குளிர், பட்டை ஒரே நிறத்தில் உட்கார்ந்திருக்கும். கடைசியில் வெந்நீர் ஊற்றினால்தான் நிறம் பிரியும். வெந்நீர் ஊற்றிய பிறகு விரலே போதுமே.

காந்தம் வைத்த மிதவை கொஞ்சம் சுவாரசியமானது. உள்ளே ஒரு மிதவை, வெளியே அதைப் பின்தொடர்ந்து இறங்கும் ஒரு குண்டு. கார்னி கெக்கின் 304 ரக எஃகு காந்தத்தில் ஒட்டாது என்பதால்தான் இது சாத்தியம். ஒரு பார்வையில் மட்டம் தெரியும். ஆனால் பீருக்குள் இன்னொரு பொருள், அதையும் கழுவ வேண்டும், கிருமி நீக்க வேண்டும், அடியிலிருந்து பீரை மேலே கொண்டுவரும் டிப் டியூபில் மாட்டாமல் பார்க்க வேண்டும், வெளியே இருக்கும் குண்டு தட்டுப்பட்டு விழுந்தால் மறுபடி கீழிருந்து தேடிப் பிடிக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பிஇடி பிளாஸ்டிக் கெக் வாங்கியவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவுமே இல்லை, பார்த்தாலே தெரியும், ஆனால் அதை வெளிச்சத்தில் வைத்தால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து பீர் நாறும், எஃகு அளவுக்கு ஆக்ஸிஜனையும் அது தடுக்காது.

இன்னொரு தந்திரம் உண்டு, இயற்பியல் பாடம் பிடித்தவர்களுக்கு. கெக்கின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகமான ஒரு தெளிவான டியூபை எடுத்து, ஒரு முனையை கேஸ் போஸ்டிலும் மறுமுனையை பீர் போஸ்டிலும் மாட்டி, நடுப்பகுதியைக் கீழே தொங்கவிட்டுக் கெக்கை ஒட்டிப் பிடித்தால், இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்பதால் டியூபுக்குள் பீர் சரியாக உள்ளே இருக்கும் மட்டத்தில் வந்து நிற்கும். முதலில் பீர் பக்கத்தை மாட்டி டியூபில் பீர் இறங்கிய பிறகுதான் கேஸ் பக்கத்தை மாட்ட வேண்டும். ஒரு தடவை செய்து பார்த்து ரசித்தேன். டியூப் அறைச்சூட்டில் இருந்தால் உள்ளே நுரை பொங்கிக் கோடு தெளியச் சில நிமிடம் ஆகிறது, முடிந்ததும் டியூபைக் கழுவ வேண்டும். தினமும் செய்கிற காரியமில்லை.

இனி தராசு. மற்ற எல்லா முறையையும் சோதிக்க நான் பயன்படுத்துவதும் அதைத்தான், அதனால் என் தீர்ப்பு எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கெக்கைக் கழுவி, பீர் ஊற்றுவதற்கு முன்னால், மூடி, போஸ்ட் எல்லாம் மாட்டிய நிலையில் ஒரு முறை எடை பாருங்கள். அந்த எண்ணை ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கெக்கின் மேலேயே ஒட்டுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் காலி எடையை நம்பாதீர்கள், தயாரிப்பாளருக்கு ஏற்பவும் ரப்பர் பிடி இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் அரைக் கிலோ சாதாரணமாக மாறும், அரைக் கிலோ என்றால் ஒரு கிளாஸ் பீர். அதன்பிறகு எந்த நாளிலும் மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் பீர். மொத்தம் 14.3 கிலோ, காலி 4.2 கிலோ என்றால் மிச்சம் 10.1 கிலோ. உங்கள் பீரின் இறுதி அடர்த்தி 1.010 என்றால் அதால் வகுங்கள், சரியாக 10 லிட்டர். வகுக்கச் சோம்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள், நிறைந்த கெக்கில்கூட அந்தப் பிசகு 200 மில்லியைத் தாண்டாது. கேஸுக்கும் எடை உண்டே என்று கேட்பவர்களுக்கு: ஃப்ரிட்ஜ் குளிரில் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கெக் முழுக்க வெறும் கேஸ் இருந்தாலும் அது 70 கிராம் அளவுதான், இரண்டு வாய்.

ஒன்றை மட்டும் மறக்காமல் கழித்துக்கொள்ளுங்கள். தராசு வண்டலையும் பீராகவே எண்ணும், டிப் டியூபுக்கு எட்டாமல் அடியில் கொஞ்சம் எப்போதும் தங்கும். நான் அரை லிட்டர் கழித்துவிட்டுத்தான் விருந்தாளிகளுக்குக் கணக்குச் சொல்வேன்.

தராசின் குறை, கெக்கை அதன்மேல் ஏற்ற வேண்டும் என்பதுதான். ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து 20 கிலோவைக் குனிந்து தூக்குவது முதுகுக்கு ஆகாது, வண்டலும் கிளம்பும். அதற்கு நான் கண்டுகொண்ட வழி, பயணப் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு. கெக்கின் ஒரு பக்கக் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, மறுபக்க விளிம்பு தரையிலேயே இருக்க, ஒரு விரற்கடை உயரம் மட்டும் நேர் மேலாகத் தூக்குங்கள். பாரத்தில் ஏறக்குறைய பாதி தராசில் தெரியும். கைப்பிடி சரியாக விளிம்பில் இல்லாததால் பாதியைவிடக் கொஞ்சம் கூடவே காட்டும், அதனால் இரண்டால் பெருக்குவதைவிட, காலியாக இருக்கும்போது ஒரு முறையும் நிறைந்திருக்கும்போது ஒரு முறையும் இதே மாதிரி தூக்கி இரண்டு எண்ணையும் டேப்பில் எழுதிவிடுங்கள். நடுவில் வரும் எந்த எண்ணும் அந்த இரண்டுக்கும் இடையில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். டியூபைக் கழற்றவே வேண்டாம், பத்து வினாடி வேலை.

குளியலறை எடை மெஷினைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க ஒன்று: சில டிஜிட்டல் மெஷின்கள் முந்தைய எடைக்குப் பக்கத்தில் வந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டிவிடும். நடுவில் வேறு ஏதாவது ஒரு பொருளை ஏற்றி இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

தூக்கவே கூடாது, எப்போதும் எண் தெரிய வேண்டும் என்றால் கெக்குக்கு அடியிலேயே நிரந்தரமாக லோடு செல், அதாவது எடையை உணரும் கருவி, வைக்கலாம். நான்கு மூலைக்கு 50 கிலோ தாங்கும் நான்கு செல், அவற்றின் அளவைப் படிக்க ஒரு எச்எக்ஸ்711 பலகை, அதை வைஃபையில் அனுப்ப ஒரு இஎஸ்பி32, இவ்வளவுதான் பொருள், சாலிடர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு விடுமுறை நாள் வேலை. என் பார்வையில் மீட்டரைவிட இது எவ்வளவோ மேல், பீரைத் தொடுவதே இல்லை, கழுவ ஒன்றும் இல்லை, ராத்திரியில் யாரும் ஊற்றாமலே எண் இறங்கினால் கசிவு என்று போனுக்குச் செய்தி வரும். ஆனால் வாரக்கணக்கில் ஒரே பாரத்தைச் சுமக்கும்போது செல்லின் எண் மெல்ல நகரும், குளிர் மாறினாலும் நகரும், ஃப்ரிட்ஜ் ஈரம் பலகையைத் தின்னும், விறைப்பான பீர் டியூப் கெக்கை ஒரு பக்கமாக அழுத்தினால் அதுவும் எடையில் சேரும். ஒவ்வொரு முறை கெக் மாற்றும்போதும் பூஜ்ஜியத்தைச் சரிசெய்து, பலகையை ஒரு டப்பாவில் அடைத்து வைத்தால் சமாளிக்கலாம். தயாராக விற்கும் வைஃபை தராசை வாங்குவதானால் அது வீட்டுக்குள்ளேயே வேலை செய்யுமா, அல்லது விற்ற நிறுவனத்தின் சர்வர் இருந்தால்தான் எண் காட்டுமா என்று முதலில் கேளுங்கள். சர்வரை மூடிவிட்டால் நல்ல தராசு வெறும் பலகைதான்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஏல் வகை பீர் காய்ச்சி, புளித்து, கேஸ் ஏறிக் குழாய்க்கு வர மூன்று நான்கு வாரம் ஆகும், லாகர் என்றால் அதைவிட அதிகம். வாரத்துக்கு நாலு லிட்டர் குடிக்கிற வீட்டில் 19 லிட்டர் ஐந்து வாரம்கூட வராது, அப்படியென்றால் கெக்கில் 14, 15 லிட்டர் இருக்கும்போதே அடுத்ததைக் காய்ச்ச ஆரம்பிக்க வேண்டும். அந்த முடிவுக்கு வெந்நீர் தாராளமாகப் போதும், ஒரு லிட்டர் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது. சனிக்கிழமை எட்டுப் பேர் வருகிறார்கள், மிச்சம் இருப்பது போதுமா என்ற கேள்விக்குத்தான் தராசு, ஏனென்றால் வெந்நீர் தடுமாறுகிற கடைசி சில லிட்டரில்தான் அந்தக் கேள்வி பெரும்பாலும் வரும். ஒன்றிரண்டு கெக் வைத்திருப்பவர் கொக்கித் தராசோடு நிறுத்திக்கொள்ளலாம், லோடு செல் வேலையெல்லாம் மூன்று குழாய்க்கு மேல் போனபிறகு யோசித்தால் போதும்.

தராசு வாங்கினால் அதே கொக்கியில் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரையும் மாட்டிப் பாருங்கள். அதன் முள்ளும் கெக்கின் முள்ளைப் போலத்தான், உள்ளே திரவம் ஒரு துளி இருக்கும்வரை 20 டிகிரியில் சுமார் 57 பார் அழுத்தத்திலேயே நிற்கும், திரவம் தீர்ந்ததும் மளமளவென்று விழும். காலி எடை சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு எடை பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு கெக்குக்குக் கேஸ் ஏற்றி முழுவதும் ஊற்றி முடிக்க 150 முதல் 200 கிராம் போகும். ஒரே வாரத்தில் அரைக் கிலோ குறைந்திருந்தால் பீர் மட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சோப்புத் தண்ணீர் எடுத்துப் போய் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக் கேஸ் எங்கே குமிழி விடுகிறது என்று தேடுங்கள்.